அம்பாசிடரின் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்: எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் வாங்குவது

டிஸ்க்கையும், அதை இரண்டு பக்கமும் பேடால் கவ்விப் பிடிக்கிற காலிப்பரையும் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, "அண்ணே, இதை எப்படி மாட்டுறது?" என்று கேட்டு வருகிறவர்கள்தான் அதிகம். வரிசையே தலைகீழ். இந்த வேலையில் டிஸ்க் மாட்டுவதுதான் சுலபமான பகுதி. காலுக்கும் காலிப்பருக்கும் நடுவில் இருக்கிற மாஸ்டர் (கால் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் சிலிண்டர்), பைப், வால்வு ஆகியவற்றில்தான் பணமும் பொறுமையும் கரையும். அதனால் இங்கே கணக்கு முன்னால் வருகிறது, கடை பின்னால் வருகிறது.

இது நான்கு சக்கரத்திலும் டிரம் உள்ள, பெடல் தரையிலிருந்து வரும் பழைய அம்பாசிடருக்காக எழுதியது. பிரீமியர் பத்மினி காருக்கும் வரிசை இதேதான், அளவுகள் வேறு. மாற்றப்போவது முன்சக்கரங்களை மட்டும். பிரேக் அழுத்தும்போது பாரம் முன்னால் சாய்வதால் உழைப்பின் பெரும்பகுதி அங்கேதான். பின் டிரம்மில் ஹேண்ட் பிரேக்கும் இருக்கிறது. அதைத் தொட்டால் செலவு இரட்டிப்பாகும், பலன் கொஞ்சம்தான்.

முதல் தடவை செய்கிறவர் தனியாக இறங்க வேண்டாம். பிரேக் வேலை தெரிந்த ஒரு மெக்கானிக் பக்கத்தில் இருக்கட்டும்.

1. முதலில் இருக்கிற டிரம்மைச் சரிசெய்யுங்கள்

"பிரேக்கே பிடிக்கவில்லை, டிஸ்க் போட்டுவிடலாம்" என்று வருகிற வண்டிகளில் பாதிக்கு ஷூவை, அதாவது டிரம்முக்குள் விரிந்து உரசும் பிறை வடிவக் கட்டையை, அட்ஜஸ்ட் செய்தாலே போதும். முன் டிரம்மில் ஒவ்வொரு ஷூவுக்கும் தனி சிலிண்டர், தனி அட்ஜஸ்டர் உண்டு. ஒன்றைத் திருகிவிட்டு மற்றதை மறந்திருப்பார்கள். வீல் சிலிண்டர் ஒழுகல், முட்டை வடிவமாகிவிட்ட டிரம், உள்ளுக்குள் ஊதிப்போன பழைய ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் பாருங்கள்.

இதை முதலில் செய்வதற்கு இரண்டு காரணம். பின் டிரம் எப்படியும் வண்டியிலேயே இருக்கப்போகிறது. அது சரியில்லாமல் முன்னால் டிஸ்க் போட்டால் பெடல் ஆழமாகப் போகும், பழி புது டிஸ்க் மேல் விழும். இன்னொன்று, டிஸ்க் எதைத் தீர்க்கும் என்று உங்களுக்கே தெளிவாகும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது டிரம் சூடேறி பிரேக் மங்குவது, தண்ணீரில் இறங்கி ஏறியதும் ஒரு பக்கம் இழுப்பது, இவற்றுக்கு டிஸ்க் நல்ல மருந்து. வழவழவென்று தேய்ந்த டயருக்கு டிஸ்க்கால் ஒன்றும் செய்ய முடியாது.

2. காகித வேலை

ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. உங்கள் மாற்றத்துக்கு என்ன தேவை என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து, பதிலை வாங்கி வையுங்கள். விபத்துக்குப் பிறகு சொல்வதில் பிரயோஜனம் இல்லை.

3. அளவெடுங்கள், கடைக்குப் போகாதீர்கள்

ஒரு நோட்டில் இவற்றைக் குறியுங்கள்: மாஸ்டர் சிலிண்டரின் உள்விட்டம், பெடல் விகிதம், பைப் நட்டுகளின் மரை, ஹப்பில் ஸ்டட்டுகளின் (சக்கரத்தை மாட்டும் போல்ட்டுகளின்) வட்ட அளவு, ஸ்டப் ஆக்ஸிலில் (முன்சக்கரம் சுழலும் அச்சில்) இரண்டு பேரிங் உட்காரும் இடங்களின் விட்டம், சக்கரத்தின் உள்பக்க இடம்.

பெடல் விகிதம் எடுப்பது எளிது. பெடல் சுழலும் அச்சாணியிலிருந்து கால் வைக்கும் இடம் வரை ஒரு அளவு, அதே அச்சாணியிலிருந்து புஷ் ராடு (மாஸ்டரைத் தள்ளும் கம்பி) மாட்டும் இடம் வரை இன்னொரு அளவு. முதலாவதை இரண்டாவதால் வகுங்கள். பூஸ்டர் (வெற்றிடத்தின் உதவியால் கால் மிதிக்குப் பலம் கூட்டும் கருவி) இல்லாத வண்டிக்கு 6 அளவில் இருந்தால் நல்லது. பூஸ்டர் இருந்தால் 4 போதும்.

சக்கரத்தின் உள்பக்கத்துக்கு அட்டையில் ஒரு காலிப்பர் வெட்டி வைத்துப் பாருங்கள். 15 இஞ்ச் சக்கரம் என்பதால் அம்பாசிடரில் பொதுவாக இடம் கிடைக்கும். ஆனால் ரிம்முக்கும் காலிப்பருக்கும் எங்கேயும் 3 மி.மீ.க்குக் குறையாமல் இடைவெளி வேண்டும். உள்பக்கம் ஒட்டும் பேலன்ஸ் எடையையும் கணக்கில் சேருங்கள். இடைவெளி போதாமல் காலிப்பர் அதைச் சுரண்டி எறிந்ததைப் பார்த்திருக்கிறேன்.

4. கணக்கு: இதைத் தாண்டாதீர்கள்

பெரும்பாலோர் சறுக்கும் இடம் இது. டிரம்மில், ஷூ சுழற்சியின் திசையிலேயே தன்னைத்தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். அம்பாசிடரின் முன் டிரம்மில் இரண்டு ஷூவும் அப்படி இழுக்கிற வகை. அதனால் லேசாக மிதித்தாலே பிடிக்கும். டிஸ்க்கில் இந்த இலவச உதவி கிடையாது. அதே பிடிமானத்துக்குப் பைப்பில் அதிக அழுத்தம் வேண்டும்.

அழுத்தம் எங்கிருந்து வருகிறது? 30 கிலோ அளவு காலால் மிதிக்கிறீர்கள், பெடல் விகிதம் 6 என்று வைப்போம். புஷ் ராடில் 180 கிலோ. மாஸ்டர் ஆறு நூல் (ஒரு நூல் என்பது இஞ்சில் எட்டில் ஒரு பங்கு), அதாவது 19 மி.மீ. என்றால் அதன் பரப்பு 2.85 சதுர செ.மீ.; பைப்பில் சதுர செ.மீ.க்கு 63 கிலோ வரும். அதே கால், மாஸ்டர் மட்டும் ஏழு நூல் என்றால் பரப்பு 3.88, அழுத்தம் 46 கிலோவுக்கு இறங்கிவிடும். கால்வாசிக்கு மேல் போச்சு.

இப்போது பெடல் பயணம். 48 மி.மீ. பிஸ்டன் உள்ள காலிப்பர், நெளிவையும் சேர்த்து அரை மி.மீ. நகர்ந்தால் 0.9 மி.லி. பிரேக் ஆயில் கேட்கும், இரண்டு பக்கமும் சேர்ந்து 1.8 மி.லி. ஆறு நூல் மாஸ்டரில் இதற்குப் புஷ் ராடு 6.3 மி.மீ. போக வேண்டும், பெடலில் அது 38 மி.மீ. ஏழு நூலில் பெடல் 28 மி.மீ. மட்டுமே போகும். பின் சிலிண்டர்களுக்கான ஆயில் இதற்கு மேல்.

ஆக, சின்ன மாஸ்டர்: பெடல் நீளமாகப் போகும், கால் வலிக்காது. பெரிய மாஸ்டர்: பெடல் மேலேயே நிற்கும், மரக்கட்டையை மிதிப்பது போல இருக்கும். புதிதாகச் செய்கிறவர் பெடல் கீழே போகிறதே என்று பெரிய மாஸ்டர் வாங்குவார். பிறகு பிடிக்கவில்லையே என்று பூஸ்டர் வாங்குவார். பல நேரம் முதல் குறையே உள்ளே நின்ற காற்றாக இருக்கும்.

என் கருத்து: ஆறு நூலில் தொடங்குங்கள், பின் ஷூவை ஒழுங்காக அட்ஜஸ்ட் செய்யுங்கள், காற்றை முழுசாக எடுங்கள். அதற்குப் பிறகும் போதவில்லை என்றால் பூஸ்டரைப் பற்றி யோசிக்கலாம்.

5. இப்போது கடைக்கு

முதல் தேர்வு, அம்பாசிடரின் சொந்தச் சாமானே. பிற்கால மாடல்களில் கம்பெனியே முன்சக்கர டிஸ்க் கொடுத்தது. சென்னையில் என்றால் புதுப்பேட்டையில் தேடலாம். ஸ்டப் ஆக்ஸில், ஹப், டிஸ்க், காலிப்பர், பிராக்கெட், தகடு எல்லாம் ஒரே வண்டியிலிருந்து, இடம் வலம் இரண்டும் செட்டாக வாங்குங்கள். துண்டு துண்டாக வாங்கினால் பேரிங் ஒன்றுக்குச் சேரும், ஹப் இன்னொன்றுக்குச் சேரும்.

இரண்டாவது வழி, வேறு காரின் காலிப்பரை அடாப்டர் பிராக்கெட் போட்டு மாட்டுவது. பரவலாகச் செய்கிறார்கள். ஆனால் அந்த பிராக்கெட்டின் மேல் விழும் சுமை தெரியுமா? ஆட்களோடு 1400 கிலோ வண்டி. கடுமையாக மிதித்தால் முன்சக்கரம் ஒவ்வொன்றிலும் டயர் தரையில் ஏறக்குறைய 390 கிலோ இழுக்கும். டயரின் ஆரம் 31 செ.மீ., காலிப்பர் பிடிப்பதோ நடுவிலிருந்து பத்துப் பதினோரு செ.மீ. தூரத்தில். காலிப்பரில் விழுவது ஒரு டன்னுக்கு மேல். அதைத் தாங்குவது இரண்டு போல்ட். ஆகவே 12 மி.மீ.க்குக் குறையாத தகடு, தலையில் 10.9 என்ற வலிமை முத்திரை உள்ள போல்ட். ஸ்டப் ஆக்ஸிலில் வெல்டிங் வைக்கிறேன் என்று பட்டறையில் யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். வெல்டிங் சூட்டில் அந்த இரும்பின் பதம் போய்விடும், ஒரு நாள் சொல்லாமல் உடையும்.

பழைய டிஸ்க் வாங்கினால் ஓரத்திலோ நடுவிலோ குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும். மைக்ரோமீட்டரால் அளந்து, அதற்கு மேல் போதிய மீதி இருந்தால் மட்டும் எடுங்கள். காலிப்பரின் சீல் கிட், ஹோஸ், செம்பு வாஷர், பேட் இவையெல்லாம் புதிதாகவே இருக்கட்டும்.

6. கழற்றுதல்

சமதரை, பின்சக்கரத்துக்குக் கட்டை, ஜாக்கியோடு நிற்காமல் இரும்பு ஸ்டாண்ட். இதில் பேச்சே இல்லை.

பழைய லைனர்களில் கல்நார் இருக்கலாம். டிரம்மைக் கழற்றியதும் காற்றடித்துத் தூசியைப் பறக்கவிடுவது நம் பட்டறைகளின் கெட்ட பழக்கம். தண்ணீர் தெளித்து, ஈரத் துணியால் துடைத்து, துணியைக் கட்டிப் போடுங்கள். முகமூடி அவசியம்.

ஒரு பக்கத்தை மட்டும் முதலில் கழற்றுங்கள். மறுபக்கம் மாதிரியாக நிற்கும். எந்த வாஷர் எங்கே என்று சந்தேகம் வந்தால் எட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

7. ஹப், டிஸ்க், காலிப்பர்

ஹப்பில் டிஸ்க் உட்காரும் முகத்தைத் துருவில்லாமல் தேயுங்கள். ஒரு சிட்டிகைத் துரு இருந்தாலும் டிஸ்க்கின் ஓரத்தில் அது பெரிதாகி ஆடும். பேரிங்கை மேனுவல் அளவுக்கு இறுக்குங்கள். ஹப்பில் ஆட்டம் இருந்தால் டிஸ்க் அசைந்து பேடைப் பின்னால் தள்ளிவிடும். அடுத்த முறை மிதிக்கும்போது பெடல் பாதி போனபிறகுதான் பிடிக்கும். டிரம்மில் இந்த ஆட்டம் தெரியாது, டிஸ்க்கில் உடனே தெரியும்.

அடுத்து டயல் கேஜ், அதாவது ஆட்டத்தை முள்ளில் காட்டும் கருவி. டிஸ்க் ஓரத்திலிருந்து 10 மி.மீ. உள்ளே வைத்து ஒரு சுற்றுச் சுற்றினால் முள் 0.1 மி.மீ.க்குள் நிற்க வேண்டும். மீறினால் டிஸ்க்கை ஒரு ஸ்டட் தள்ளி மாட்டிப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் லேத்.

காலிப்பர் டிஸ்க்குக்கு நடுவில் வர வேண்டும். விலகல் இருந்தால் சரியான தடிமனில் ஷிம் (மெல்லிய தகடு) வைத்துச் சரிசெய்யலாம். ஒன்றின் மேல் ஒன்றாக வாஷர் அடுக்காதீர்கள். காலிப்பர் நகரும் பின்களுக்கு சிலிக்கான் கிரீஸ் மட்டும். சாதா கிரீஸ் ரப்பரை ஊத வைக்கும்.

இனி ஒரு விஷயத்தைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். காலிப்பரில் காற்று எடுக்கும் நிப்பிள், சின்ன ரப்பர் மூடி போட்டிருக்குமே, அது மேல் முனையில் இருக்கிறதா? இடதை வலதில் மாட்டினாலும் பல காலிப்பர்கள் அழகாக உட்காரும், போல்ட்டும் ஏறும், பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது. ஆனால் நிப்பிள் கீழே போய்விடும். காற்று எப்போதும் மேலே நிற்கும். லிட்டர் கணக்கில் ஆயில் ஊற்றினாலும் பெடல் பஞ்சாகவே இருக்கும். புதியவர் கைபட்ட வண்டியில் பெடல் பஞ்சாக இருந்தால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

8. பைப், ஹோஸ், மரை

அம்பாசிடரின் பைப் நட்டு மூன்று நூல், இஞ்சுக்கு 24 மரை. ஜப்பானிய வழி வந்த காலிப்பர்களில் பெரும்பாலும் 10 மி.மீ., ஒரு மி.மீ. மரை. மூன்று நூல் என்பது 9.5 மி.மீ.; அதனால் அது 10 மி.மீ. துளைக்குள் சந்தோஷமாக ஏறும், இறுகியது போலவும் இருக்கும். மரை பாதிதான் பிடித்திருக்கும். கடுமையாக மிதிக்கிற அன்று பிய்த்துக்கொண்டு வரும். நட்டு கையால் லொடலொடவென்று ஏறினால் நிறுத்துங்கள். ஒரு முனை இஞ்ச், மறுமுனை மில்லிமீட்டர் என்று ஹோஸே செய்து தருகிறார்கள், அதை வாங்குங்கள்.

பைப் முனையை விரிப்பதிலும் இரண்டு வகை உண்டு: இரட்டையாக மடித்த புனல் வடிவம், குமிழ் வடிவம். எதிர்முனையில் எது இருக்கிறதோ அதற்கேற்பச் செய்ய வேண்டும். மாற்றி மாட்டிவிட்டு ஒழுகலை நிறுத்த இன்னும் இறுக்கினால் பைப் முனை உட்காரும் இடமே கெட்டுவிடும். ஏ.சி. கடையின் சாதா செம்புப் பைப் பிரேக்குக்கு ஆகாது. ஸ்டீல் அல்லது செம்பு-நிக்கல்.

ஹோஸ் மாட்டியதும் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை ஒடித்துப் பாருங்கள். சக்கரம் தொங்கும்போது ஒரு முறை, தரையில் இருக்கும்போது ஒரு முறை. எங்கேயும் இழுக்கக் கூடாது, முறுக்கக் கூடாது, டயரில் உரசக் கூடாது.

9. மாஸ்டரும் வால்வுகளும்

டிரம் வண்டியின் மாஸ்டருக்குள், கடைசி முனையில் ஒரு சின்ன வால்வு இருக்கும். பெடலை விட்ட பிறகும் பைப்பில் 10 பி.எஸ்.ஐ. அளவு அழுத்தத்தைத் தேக்கி வைப்பது அதன் வேலை. டிரம்முக்கு அது வேண்டும், சிலிண்டர் கப் சுருங்காமல் இருக்கும். டிஸ்க்குக்கு அது எதிரி. பேட் எந்நேரமும் உரசிக்கொண்டே இருக்கும். நாலு கிலோமீட்டர் ஓட்டினால் ஹப்பைத் தொட முடியாது.

"சரி, எடுத்துவிட்டால் போச்சு" என்று எடுத்தால் இன்னொரு சிக்கல் வரும். தரைப் பெடல் அம்பாசிடரில் மாஸ்டர் டிரைவர் காலடித் தரைக்குக் கீழே இருக்கிறது. காலிப்பர் அதைவிட உயரம். வண்டி நின்றால் ஆயில் மெதுவாகத் திரும்பி வடியும். மறுநாள் காலையில் முதல் மிதி கீழே போகும், இரண்டாவது மிதி மேலே நிற்கும். அதனால் உள்ளே இருக்கும் வால்வை எடுத்துவிட்டு, முன் பைப்பில் 2 பி.எஸ்.ஐ. வால்வு ஒன்று, பின் பைப்பில் 10 பி.எஸ்.ஐ. வால்வு ஒன்று. வால்வில் அம்புக்குறி இருக்கும், அது சக்கரத்தைப் பார்க்க வேண்டும். மாஸ்டர் பானட்டுக்குள் உயரமாக இருக்கும் வண்டியில் இந்த 2 பி.எஸ்.ஐ. வால்வு தேவையில்லை.

பழைய மாஸ்டர் ஒற்றை அறை. எங்கே ஒழுகினாலும் நான்கு சக்கரமும் போச்சு. இவ்வளவு தூரம் வந்த பிறகு இரட்டை அறை மாஸ்டருக்கு மாறிவிடுவதே புத்திசாலித்தனம். ஆயில் டப்பாவில் பெரிய அறை டிஸ்க்குக்கு. பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியிலேயே நிற்கும், அந்த இடத்தை நிரப்ப ஆயில் வேண்டும்.

பின் பைப்பில் அழுத்தத்தைக் குறைக்கும் அட்ஜஸ்டபிள் வால்வும் வேண்டும். டிஸ்க்குக்காக மொத்த அழுத்தத்தைக் கூட்டியிருக்கிறோம். அதே அழுத்தம் முழுசாகப் பின் டிரம்முக்குப் போனால் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளும், வண்டியின் பின்பக்கம் சுற்றிக்கொண்டு முன்னால் வரும்.

பூஸ்டர் வைப்பதாக இருந்தால் பெட்ரோல் வண்டிக்கு இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து, ஒருவழி வால்வோடு குழாய் எடுக்கலாம். டீசல் வண்டிக்கு அங்கே நம்பத்தக்க வெற்றிடம் கிடைக்காது. ஆல்டர்னேட்டரின் பின்னால் வாக்குவம் பம்ப் உள்ளதைப் போட வேண்டும்.

கடைசியாகப் புஷ் ராடு. பிஸ்டனுக்கும் ராடுக்கும் நடுவே ஒரு மி.மீ. அளவு இடைவெளி கட்டாயம். பெடல் உடனே பிடிக்கட்டும் என்று அதை இல்லாமல் செய்தால், மாஸ்டருக்குள் ஆயில் திரும்பும் சின்னத் துளை மூடியே இருக்கும். சூடாகிற ஆயில் விரிந்து, போக இடமில்லாமல், பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும்.

10. காற்று எடுத்தல்

மாஸ்டரை வண்டியில் ஏற்றும் முன் வைஸில் பிடித்து, ஆயில் ஊற்றி, குமிழி நிற்கும் வரை மெதுவாக அழுத்துங்கள். பின் ஷூக்களை டிரம்மில் லேசாக உரசும் வரை அட்ஜஸ்ட் செய்த பிறகே வண்டியில் காற்றெடுக்க ஆரம்பியுங்கள்.

பிரேக் ஆயில் டாட் 3 அல்லது டாட் 4, புதிதாக உடைத்த டப்பா. சிலிக்கானால் ஆன டாட் 5 இவற்றோடு கலக்காது. பெயின்ட் மேல் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

நம் வலப்பக்க ஸ்டியரிங் வண்டியில் தொலைவிலிருந்து தொடங்க வேண்டும்: பின் இடம், பின் வலம், முன் இடம், முன் வலம். பெடல் மிதிக்கிறவர் நிதானமாக மிதித்துப் பிடிக்கட்டும். படபடவென்று பம்ப் செய்தால் பெரிய குமிழி நுரையாகிவிடும், பிறகு வெளியே வரவே வராது. நிப்பிளை மூடிய பிறகே காலை எடுக்கச் சொல்லுங்கள். டப்பாவில் ஆயில் காலியாகாமல் ஒருவர் பார்க்க வேண்டும்.

முடிந்ததும் பெடலை அழுத்தி ஒரு நிமிடம் பிடியுங்கள். மெல்ல இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. எல்லா இணைப்பையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள்.

11. ரோட்டில்

முதலில் சக்கரம் தூக்கிய நிலையில் மிதித்துவிட்டு விடுங்கள்; கையால் சுற்றினால் லேசான உரசலோடு சுற்ற வேண்டும். பிறகு காலி மைதானத்தில் நடை வேகம். ஹேண்ட் பிரேக் தனியாகப் பிடிக்கிறதா என்று இங்கேயே பாருங்கள்.

அடுத்து பேட் பதிய வைப்பது. ஆளில்லாத ரோட்டில் 60 கி.மீ. வேகத்திலிருந்து 20 வரை மிதமாகக் குறையுங்கள், நிறுத்தாதீர்கள். எட்டுப் பத்து முறை, நடுநடுவே கொஞ்ச தூரம் சும்மா ஓட்டிக்கொண்டு. முடிந்ததும் சில கிலோமீட்டர் பிரேக் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கில் பெடலை மிதித்தபடி நின்றால் பேடின் அச்சு டிஸ்க்கில் பதிந்து, பிறகு மிதிக்கும்போதெல்லாம் ஸ்டியரிங் நடுங்கும்.

பின் வால்வைக் கடைசியாகச் சரிசெய்யுங்கள். காய்ந்த தரையில் 40 கி.மீ. வேகத்தில் அழுத்தி மிதிக்க, வெளியே தள்ளி நிற்கும் ஒருவர் எந்தச் சக்கரம் முதலில் நிற்கிறது என்று சொல்ல வேண்டும். முன்சக்கரம்தான் முதலில் நிற்க வேண்டும். பின்னால் ஆள் இல்லாமலும், நான்கு பேர் ஏறியும் இரண்டு விதமாகப் பாருங்கள். காலி வண்டிக்கு எது பத்திரமோ அந்த அமைப்பிலேயே வால்வைப் பூட்டிவிடுங்கள்.

500 கி.மீ. ஓடியதும் பிராக்கெட் போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் மறுபடி பாருங்கள். பேட் இரண்டு பக்கமும் ஒரே அளவில் தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். உள்பேட் மட்டும் தேய்ந்திருந்தால் காலிப்பர் அதன் பின்களில் நகரவில்லை என்று அர்த்தம், கழற்றித் துடைத்து கிரீஸ் வைத்து மாட்டுங்கள்.